சிகிரியா கோட்டையும் ஒரு மர யானையும்

எங்கள் வீட்டில் போன் வந்தால் சரி என்று அர்த்தம். வராவிட்டால் இல்லை என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் ஆவடியில் ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். அங்கே காலையில் வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு கையில் ஒரு டோக்கனைக் கொடுத்துவிடுவார்கள். காலையில் நான் எதையாவது கேட்டு வைத்திருந்தால், சாப்பாட்டு வேளையில் வாசலுக்கு வந்து போனை வாங்கி எனக்கு ஒரு மணி அடிப்பார். அடித்தால் கேட்டது நடக்கும். அடிக்காவிட்டால் நடக்காது. காரணம் கேட்கும் வழக்கம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு மட்டும் கிடையாது.

எங்கள் மகள் ஜெனி இந்தச் சட்டத்திலேயே வளர்ந்தவள். வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் பிசியோதெரபி படித்தாள். படிப்பு முடிந்ததும் பட்டத்தோடு மாப்பிள்ளையையும் கொண்டுவந்தாள். பையன் நிரோஷன், இலங்கையில் மாத்தளைக்காரன், கூடப் படித்தவன். மாதா கோயில் ஒன்று, படிப்பு ஒன்று, சிரிப்பும் ஒன்றுபோலத்தான் இருந்தது. கடல்தான் இடையில்.

"ஏன், அண்ணனூர்ல ஒரு பையன் இல்லியா? கொரட்டூர்ல இல்லியா?" என்று இவர் ஒரு வாரம் கத்தினார். பக்கத்தில் இருக்கும் பூந்தமல்லியிலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு வந்ததையே வெளியூர்ச் சம்பந்தம் என்று சொல்கிற ஆள். கடைசியில் இறங்கி வந்தார். "சரி. ஊட்ட பாத்துட்டு வரேன். அங்கேந்து போன் பண்றேன். போன் வரலன்னா இன்னா அர்த்தம்னு தெரியும்ல?"

"தெரியும்பா. ஆனா சனிக்கிழமைக்குள்ள சொல்லிடு. அதுக்கு மேல என்னால தாங்க முடியாது," என்றாள் ஜெனி. அவள் முகத்தைப் பார்க்க என்னாலேயே முடியவில்லை. இப்படித்தான் நாங்கள் இருவரும் வெளிநாட்டுப் பயணிகள் ஆனோம்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். சட்டை நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை. பிசிறு எங்கே என்று தேடத்தான் சம்பளம். அந்தக் கண்ணோடுதான் கொழும்பில் இறங்கினேன். முதல் பார்வையில் பிசிறு ஒன்றும் அகப்படவில்லை. ஆவடி பஸ் நிலையத்தைத் துடைத்து வைத்து, நாலு தென்னை மரம் நட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

மாத்தளைக்குப் போகிற பஸ்ஸில் முதல் கூத்து. ஏறியதும் இவர் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். பஸ் முழுக்கப் பாட்டு; நம்மூர் கல்யாண வேன் தோற்றுப்போகும். இரண்டு நிறுத்தம் தாண்டி ஒரு புத்த பிட்சு ஏறினார். கண்டக்டர் இவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இவர் டிக்கெட்டைக் காட்டினார். கண்டக்டர் மறுபடி சொன்னார். இவர் பாஸ்போர்ட்டைக் காட்டினார். பின்சீட்டு அம்மாள் ஒருத்தி எனக்குத் தமிழில் சொன்னாள்: "அது சாமிமாருக்கு ஒதுக்கின சீட் அம்மா."

இவர் பதறி எழுந்து, தலைக்கு மேலே இருந்த கம்பியில் இடித்துக்கொண்டு, பிட்சுவைப் பார்த்து "ஸ்தோத்திரம் சாமி" என்றார். எங்கள் பங்குச் சாமியாருக்குச் சொல்கிற வணக்கம் அது. பிட்சு சிரித்தபடி ஏதோ சொன்னார். "பெரியவர் தலைய முதல்ல தடவட்டும், வணக்கம் அப்புறம் சொல்லலாம்னு சொல்றாரு," என்று பின்சீட்டு அம்மாள் மொழிபெயர்த்தாள். மீதி வழியெல்லாம் இவர் நின்றுகொண்டே வந்தார். ஆவடி மின்சார ரயிலில் நின்று பழகிய உடம்புக்கு அது ஒன்றும் பெரிதில்லை, முழங்காலுக்குத்தான் பெரிது.

மாத்தளையில் நிரோஷனின் அப்பா செபஸ்தியான் எங்களை அழைத்துப்போக வந்திருந்தார். அவர் மனைவி முன்பே காலமாகிவிட்டார். அப்பாவும் பிள்ளையும் மட்டும். சின்னதாக ஒரு பேக்கரி, அதன் பின்னாலேயே வீடு. பாண் வேகிற வாசனை படுக்கையறை வரை வருகிறது. நாம் பிரெட் என்று சொல்லி, காய்ச்சல் வந்தால் மட்டும் தின்பதை இங்கே பாண் என்று சொல்லி மூன்று வேளையும் தின்கிறார்கள்.

செபஸ்தியானுக்கு வாய் ஓயாது. அவர் போனின் பேட்டரி மத்தியானத்துக்கு மேல் தாங்கியதாகச் சரித்திரம் இல்லை என்று பிள்ளையே சொன்னான். வந்த நிமிஷத்திலிருந்து இவரைச் "சம்பந்தி, சம்பந்தி" என்றார். இவர் பதிலுக்கு "சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சம்பந்தி என்று வாயிலிருந்து வந்துவிட்டால் பெண்ணைக் கொடுத்ததாக ஆகிவிடுமாம்.

இரண்டாம் நாள் காலையில் இடியாப்பம், தேங்காய்ப்பால் சொதி, தேங்காய்ச் சம்பல். சம்பலை ஒரு வாய் வைத்ததும் இவர் என் காதருகே வந்தார். "பிலோ, சட்னில கருவாட்டுத் தூளு போட்டுக்கீறாங்கமே." அது மாசி, கடலில் பிடித்துக் காயவைத்தது என்று செபஸ்தியான் விளக்கினார். இவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே மூன்று முறை வாங்கித் தின்றார். நாலாம் முறை தட்டை நீட்டும்போது சுளிப்பதை மறந்துவிட்டார்.

நான் வீட்டைத் தரம் பார்த்தேன். சுவர் சுத்தம். சமையலறையில் பாத்திரம் கவிழ்த்து வைத்திருந்தது. நிரோஷன் அப்பாவோடு சண்டை போடாமல் கல்லாவில் நிற்கிறான். பிசிறு என்று ஒன்று சொல்லவேண்டும் என்றால், குளியலறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. அதற்காக ஒரு பையனைத் திருப்பி அனுப்ப முடியாது.

இவர் நொண்டுவதை நிரோஷன் பார்த்துவிட்டான். "அங்கிள், சும்மா உக்காந்து காலை நீட்டி, முட்டிக்குக் கீழ ஒரு துண்டைச் சுருட்டி வச்சு அழுத்துங்க. காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்," என்று செய்து காட்டினான். "டாங்கிக்கு அடில படுத்து வேல செய்ற ஒடம்பு. எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று இவர் எழுந்து போய்விட்டார். அன்று சாயங்காலம் அறைக் கதவைத் திறந்தால், தரையில் உட்கார்ந்து துண்டைச் சுருட்டி வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை உதறி மடித்தார்.

ஆனால் வாயைத் திறந்து சரி என்று மட்டும் சொல்லவில்லை. ஜெனி என்னைக் கூப்பிட்டு, "அப்பா என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டாள். நாலு முறை சம்பல் தின்றார் என்பதைத் தவிர சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மறுநாள் சனிக்கிழமை.

"நாளைக்கு சிகிரியா போவோம். இவ்வளவு தூரம் வந்து சிங்கமலையைப் பாக்காமப் போனா எனக்குத்தான் அசிங்கம்," என்றார் செபஸ்தியான். நிரோஷனுக்குத் தம்புள்ளை ஆஸ்பத்திரியில் டியூட்டி. அது மலைக்குப் பக்கத்து ஊர்தான். நாங்கள் மூவரும் கிளம்பினோம். "மேல ஏறிப் பாத்துட்டு, அங்கேந்து சொல்றேன்," என்று இவர் ஜெனிக்குச் செய்தி அனுப்பினார். மலையில் ஏறினால் என்ன தெரியப்போகிறதோ, அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

தூரத்திலிருந்து பார்த்தால் சமவெளியில் யாரோ ஒரு பெரிய பாண் துண்டை நிறுத்தி வைத்த மாதிரி இருக்கிறது பாறை. கீழே அகழி, அதைத் தாண்டினால் தோட்டம், தோட்டத்துக்கு நடுவே குளங்கள். வாசலில் சீருடைக் காவலர்கள் பைகளைப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பையை இவரிடம் கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் வந்தேன். செபஸ்தியான் டிக்கெட் வரிசையில் நின்றார். திரும்பி வந்தபோது இவர் முகத்தில் ஒரு திருப்தி. "எல்லாம் முட்ச்சிட்டேன், வா," என்றார். கையில் ஒரு குட்டி மர யானை. வந்ததும் வராததுமாகப் பொம்மை வாங்கிவிட்டாரே என்று நினைத்தேன். கேட்டிருக்கவேண்டும்.

செபஸ்தியான் கோட்டையின் கதையைப் பக்கத்து வீட்டுச் சண்டைபோலச் சொல்லிக்கொண்டு வந்தார். "தாதுசேனன்னு ஒரு ராசா. பெரிய பெரிய ஏரி கட்டுனவரு. அவருக்கு ரெண்டு பயலுக. மூத்தவன் காசியப்பன், ஆனா பட்டத்து ராணிக்குப் பொறக்கல. எளையவன் முகலன், அவன் பட்டத்து ராணி புள்ள. பட்டம் தம்பிக்குப் போயிடுமோன்னு மூத்தவனுக்குப் பயம். அப்பனைப் புடிச்சு உள்ள போட்டுட்டான். சொத்தெல்லாம் எங்க ஒளிச்சு வச்சிருக்கன்னு கேட்டான். அப்பன் அவனைத் தான் கட்டுன ஏரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, தண்ணியில எறங்கி, ரெண்டு கையில அள்ளிக் காட்டுனாராம். இதுதான்டா என் சொத்துன்னு."

"அப்புறம்?"

"அப்பனைக் கொன்னுட்டான்."

இவர் நடப்பதை நிறுத்திவிட்டார். எங்கள் ஊர்ப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் தினமும் நடக்கிறவர். கட்டினவன் யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை என்றார். நானும்தான்.

"தம்பிக்காரன் உசுருக்குப் பயந்து கடல் தாண்டி ஓடிட்டான். உங்க பக்கந்தான்," என்றார் செபஸ்தியான்.

"நம்ம ஊருக்கா? ஆவடிக்கா?"

"ஆவடி அப்ப இருந்துச்சான்னு தெரியல. தமிழ்நாட்டுப் பக்கம்னுதான் சொல்றாங்க. அவன் படையோட திரும்பி வருவான்னு பயந்து காசியப்பன் தலைநகரமா இருந்த அனுராதபுரத்தை விட்டுட்டு இந்தப் பாறை மேல அரண்மனை கட்டிக்கிட்டான்."

பாதி மலையில் ஒரு சுழல் படி. அதில் ஏறினால் பாறை மடிப்பில் அழகிய பெண்களின் ஓவியங்கள். படம் எடுக்கக்கூடாது என்று காவலர் நின்றார். "பாத்தியா, இங்கியும் நம்ம ஃபாக்டரி சட்டந்தான்," என்று இவருக்கு ஒரே பெருமை. நான் அந்தப் பெண்களின் மெல்லிய மேலாடையைப் பார்த்தேன். தோளில் துணி மடிகிற இடத்தை வரைந்தவனுக்குத் தையல் தெரிந்திருக்கவேண்டும். இத்தனை நூற்றாண்டு கழித்தும் நான் குறை சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. பக்கத்தில் கண்ணாடிச்சுவர் என்று ஒன்று. ஒருகாலத்தில் முகம் தெரிகிற அளவு பளபளத்ததாம். அரண்மனை பாழான பிறகு பார்க்க வந்தவர்கள் அந்தப் பெண்களைப் பற்றி அதில் கவிதை கவிதையாகக் கிறுக்கியிருக்கிறார்கள். நம்மூர் ரயில் பெட்டியில் கிறுக்குகிறவர்களுக்கும் முன்னோர் உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

அதற்கு மேலே ஒரு திடல். பாறையோடு சேர்ந்து இரண்டு பிரம்மாண்டமான சிங்கப் பாதங்கள். ஒருகாலத்தில் முழுச் சிங்கமும் இருந்ததாம், அதன் வாய் வழியாகத்தான் அரண்மனைக்குப் போகவேண்டுமாம். இப்போது நகங்கள் மட்டும் மிச்சம். பக்கத்தில் குளவிகள் இருக்கின்றன, அமைதியாக இருக்கவும் என்று தமிழிலும் எழுதியிருந்தது. செபஸ்தியான் வாயை மூடியதை அங்கேதான் முதல்முதலாகப் பார்த்தேன். கோட்டைக்கு இன்னும் காவல் இருக்கிறது, அது குளவி.

கடைசி இரும்புப் படிகளில் நான் மூச்சு வாங்கினேன். இவர் வாங்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். "பரவால்ல. துண்டு வேல செய்யுது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. அரண்மனை என்று நினைத்து வந்தால், முழங்கால் உயரத்துக்குச் செங்கல் அடித்தளங்கள்தான். அறை அறையாக, படி படியாக, கூரை இல்லாமல். நடுவே பாறையில் வெட்டிய குளம், அதில் தண்ணீர். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் காடு. இவர் ஒரு செங்கல் இணைப்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"இங்கேந்து பாத்தா எவன் வந்தாலும் தெரியும்ல சார்?"

"தெரியும். அதுக்குத்தான் கட்டுனான்."

"தம்பி வந்தானா?"

"வந்தான். வருஷக்கணக்கா பயந்த பய, கடைசியில கோட்டையை விட்டுட்டு யானை மேல ஏறிக் கீழ போயி சண்டை போட்டான். எதுக்க சேறு. யானை சேத்தைச் சுத்திப் போறதுக்காகக் கொஞ்சம் திரும்புச்சு. பின்னால நின்ன படை பாத்துச்சு. ராசா திரும்பிட்டாரு, தோத்துட்டோம்னு நினைச்சு எல்லாரும் ஓடிட்டானுக. ஒத்தையா நின்னவன் கத்தியை எடுத்துத் தன் கழுத்தையே அறுத்துக்கிட்டான்னு சொல்றாங்க."

"யான சேத்த சுத்திதானே போச்சு? ஓடலியே?"

"ஓடல. யாரும் நின்னு கேக்கல, அவ்வளவுதான்."

இவர் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார். "நானும் இப்டித்தாமே கீறேன் பிலோ. பொண்ண ஊட்டுக்குள்ள வெச்சிக்கினு, எவன் வரான் எவன் வரான்னு பாத்துக்கினு. பையன்கிட்ட ஒரு கொறையும் இல்ல. எனக்கு பயம். அவ போய்ட்டா ஊடு வெறிச்னு பூடும். அவ்ளோதான் விசயம்." கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "கல்யாணம் ஆவடிலதான் வெக்கணும். அத மட்டும் நான் உடமாட்டேன். ஜெனிக்கு போன் போடு," என்றார்.

கைப்பையைத் திறந்தேன். போனைக் காணோம். கவிழ்த்துக் கொட்டினேன். சீப்பு, ஜெபமாலை, மாலு பாண் என்கிற மீன் பன் ஒன்று. போன் இல்லை.

"உன்துதான? என்துகூட சேத்து கேட்லயே குட்த்துட்டேனே," என்றார் இவர். சாதாரணமாக.

"எந்த கேட்ல?"

"உள்ள வர்ற கேட்ல. செக்யூரிட்டிக்குப் பக்கத்துல ஒரு அம்மா வரிசையா போன வாங்கி வெச்சிக்கினு இருந்தாங்க. இதோ, டோக்கன் கீதுல்ல." மர யானையை நீட்டினார்.

செபஸ்தியான் யானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்க யாரும் போனை வாங்கி வைக்க மாட்டாங்களே! வர்றவங்க எல்லாம் போனைக் கையில வச்சுக்கிட்டுத்தான் ஏறுறாங்க." உண்மைதான். சுற்றிலும் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சீருடையையும் வாசலையும் ஒன்றாகப் பார்த்தால் போனை எடுத்துக் கொடுத்துவிடும் கை இவருடையது. நாங்கள் பெற்ற சாபம்.

யாரிடமாவது போன் இரவல் வாங்கலாம் என்றால், ஜெனியின் நம்பர் எங்கள் இருவருக்கும் மனப்பாடம் இல்லை. பெயரைத் தொட்டால் போகிற காலம் ஆயிற்றே. செபஸ்தியானின் போன் வழக்கம்போலச் செத்துக் கிடந்தது; பிள்ளையின் நம்பரும் அதற்குள்தான். வெயில் சாயத் தொடங்கிவிட்டது. சனிக்கிழமை. ஜெனி போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். மணி அடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

இறங்கினோம். இறங்கினோம் என்ன, உருண்டோம். எனக்கு இவரைத் திட்டவேண்டும், அதற்குள் சிங்கப் பாதம் வந்துவிட்டது. குளவி. எனவே மொத்தத்தையும் ரகசியக் குரலில் திட்டினேன். "உங்களுக்கு அறிவிருக்கா? பொண்ணு அங்க என்ன நெனச்சிருப்பா?" எதிரே வந்த வெள்ளைக்காரத் தம்பதி நான் ஜெபம் சொல்கிறேன் என்று எண்ணி ஒதுங்கி, கைகூப்பி வழிவிட்டார்கள். இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

வாசலில் அந்த அம்மாளின் பொம்மைக் கடை. கடை ஓரத்தில் பலகை மேல் வண்டி ஓட்டுநர்களின் போன்கள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. அதைத்தான் இவர் கவுண்ட்டர் என்று நினைத்திருக்கிறார். பலகைக்கு முன்னால், ஆஸ்பத்திரிச் சட்டையோடு, கையில் ஹெல்மெட்டோடு நிரோஷன் நின்றுகொண்டிருந்தான். வெளிறிப்போயிருந்தான்.

இவரைப் பார்த்ததும் ஓடிவந்து முதலில் முழங்காலைத்தான் பார்த்தான். "அங்கிள், ஒண்ணும் ஆகலையே? ஜெனி அழுதுகிட்டே கூப்பிட்டா. அப்பா வேணாம்னு சொல்லிட்டாருன்னு சொன்னா. எனக்கு அப்படித் தோணல. நீங்க படியில எங்கயோ விழுந்துட்டீங்கன்னுதான் நினைச்சேன். இங்க வந்து அடிச்சுப் பாத்தா, ரெண்டு போனும் இந்தக் கடையில ஒலிக்குது. உயிரே போயிருச்சு எனக்கு."

இவர் அவன் தோளில் கைவைத்தார். பிறகு நேராகக் கடைக்குப் போய், முறைப்படி மர யானையை நீட்டினார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னதைச் செபஸ்தியான் எங்களுக்குச் சொன்னார்: "சார்ஜ் போடக் குடுக்கிறார்னு நினைச்சேன். போட்டேன். அப்புறமும் கையை நீட்டிக்கிட்டே நின்னாரு. என்ன வேணும்னு புரியல. கைக்குக் கிடைச்ச யானையைக் குடுத்தேன். உடனே சந்தோஷமாப் போயிட்டாரு." யானையை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னாளாம்.

இவர் போனில் ஜெனியிடமிருந்து எண்ண முடியாத அழைப்புகள். கடைசியாக ஒரு செய்தி. நான்தான் வாசித்தேன். "பரவால்லப்பா. நீ சொன்னா சரிதான். இனிமே கேக்கமாட்டேன். பத்திரமா வாங்க."

இவர் போனை வாங்கிப் பெயரைத் தொட்டார். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"இன்னாமே, போன் வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சுப்பா."

"வந்தா இன்னா அர்த்தம்?"

அந்தப் பக்கம் அழுகை. "அழுவாதமே. யான கொஞ்சம் சேத்த சுத்திக்கினு வந்துச்சு. லேட்டாயிடுச்சு. அவ்ளோதான். திரும்பிப் போவல."

"என்னப்பா யானை? என்ன சொல்ற நீ?"

"அதெல்லாம் எனக்கு சொல்லத் தெரியாது. உன் மாமனாராண்ட கேளு." போனைச் செபஸ்தியானிடம் நீட்டினார். "இந்தா சம்பந்தி. நீயே சொல்லு."

செபஸ்தியான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கிருந்த பெஞ்சில் வசதியாக உட்கார்ந்து, போனைக் காதில் வைத்தார். "மகள், தாதுசேனன்னு ஒரு ராசா இருந்தாரு. பெரிய பெரிய ஏரி கட்டுனவரு..."

கடைக்கார அம்மாள் சார்ஜை முழுக்க ஏற்றி வைத்திருந்தாள். கதை முடிகிற வரை போன் அணையவே இல்லை.